குழந்தைக்கு ஜி.பி.எஸ்.: நரம்பு டெஸ்ட் முதல் நடை திரும்பும் வரை

காய்ச்சலோ பேதியோ வந்து போன ஒன்றிரண்டு வாரத்தில் குழந்தை கால் வலிக்கிறது என்று அழுகிறது. மாடிப்படி ஏற மறுக்கிறது. இரண்டு மூன்று நாளில் நிற்கவே முடியவில்லை. டாக்டர் முட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஜி.பி.எஸ். மாதிரி இருக்கு, நரம்பு டெஸ்ட் எடுக்கணும்" என்கிறார். அந்த இடத்திலிருந்துதான் இந்த வழிகாட்டி தொடங்குகிறது. பெற்றோருக்கும், குழந்தைகள் வார்டுக்குப் புதிதாக வந்த நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், டெக்னீஷியன்களுக்கும் எழுதியது. மருந்தளவுகள் வருகிற இடங்களில், டாக்டர் சொல்வதைப் புரிந்துகொள்ள மட்டும் அவற்றைப் பயன்படுத்துங்கள்.

ஜி.பி.எஸ். என்கிற கில்லன் பாரே நோயில் உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்குகிறது. அடி விழுவது மையலின் என்ற மேலுறையிலா, ஆக்சான் என்ற உள்ளிழையிலா என்பதைச் சொல்லத்தான், தோல் மேல் சிறு மின்துடிப்பு கொடுத்து நரம்பு அதைக் கடத்துவதை அளக்கும் நரம்பு டெஸ்ட். மீள எவ்வளவு காலம் ஆகும் என்பது பெரும்பாலும் இதைப் பொறுத்தது.

1. முதலில் மூச்சு, பிறகுதான் மெஷின்

டெஸ்ட் அறை வேறு கட்டடத்தில் இருக்கும், லிஃப்ட்டுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும். அதனால் வார்டை விட்டு நகர்த்துமுன் மூச்சைப் பார்த்துவிட வேண்டும். அழுகைச் சத்தம் மெலிந்திருக்கிறதா, இருமல் வலுவாக வருகிறதா, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறதா, படுத்தபடியே தலையைத் தூக்க முடிகிறதா? கழுத்தைத் தூக்க முடியாத குழந்தைக்கு மூச்சுத் தசையும் தளர்ந்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையை ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். காலையில் 25 வரை எண்ணியது மாலையில் 15-ல் நின்றால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். ஊதிப் பார்க்கும் கருவியில் வெளிவிடும் காற்று கிலோவுக்கு 20 மில்லிக்குக் கீழே போனால் ஐ.சி.யூ.வுக்கு மாற்றுவார்கள். 20 கிலோ குழந்தைக்கு அது 400 மில்லி.

புதியவர்கள் தவறுவது ஆக்சிமீட்டரை நம்பி. விரலில் மாட்டிய கருவி 98 காட்டுகிறது என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். மூச்சுத் தசை தளரும்போது அந்த எண் கடைசியில்தான் இறங்கும். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் காரணமில்லாமல் ஏறி இறங்கினால், இதயத்தை இயக்கும் நரம்புகளும் பாதிக்கப்பட்டிருக்கலாம். அப்படிப்பட்ட குழந்தைக்கு மெஷினைப் படுக்கைக்கே கொண்டுவரச் சொல்வதுதான் சரி.

2. தேதிகளைத் தாளில் எழுதுங்கள்

காய்ச்சல் அல்லது பேதி வந்த தேதி, கால் வலி தொடங்கிய தேதி, பலம் குறைந்ததை முதலில் கவனித்த தேதி, நடை நின்ற தேதி ஆகிய நான்கும் போதும். நரம்பு டெஸ்ட்டின் ஒவ்வொரு எண்ணுக்கும் அது எத்தனையாவது நாளில் எடுக்கப்பட்டது என்பதை வைத்தே அர்த்தம். கணக்கு பலம் குறைந்த நாளிலிருந்து தொடங்கும். ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து எண்ணினால் மூன்று நான்கு நாள் பிசகிவிடும்.

இன்னும் நான்கு கேள்விகள் டாக்டர் கேட்குமுன் நீங்களே சொல்ல வேண்டியவை. இரவு தரையில் படுத்துத் தூங்கிய குழந்தையா? கட்டுவிரியன் கடித்த தடமே தெரியாமல் இமை சரிந்து கை கால் தளரும். முதுகில் ஒரு மட்டத்துக்குக் கீழே தொட்டால் தெரியவில்லையா, சிறுநீர் அடைத்துக்கொண்டதா? அப்படியானால் தண்டுவடத்தை எம்.ஆர்.ஐ.யில் பார்த்தாக வேண்டும். தொண்டை வலியோடு குரல் மூக்கில் வந்ததா? டிப்தீரியாவை நினைக்க வேண்டும். கடும் வாந்தி பேதி இருந்ததா? ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தாலும் கை கால் வராது. அதைச் சீக்கிரமே கண்டுபிடித்துச் சரிசெய்யலாம் என்பதால் நரம்பு டெஸ்ட்டுக்கு முன்பே பார்க்க வேண்டியது அது.

3. மலம் எடுக்க வருவார்கள், தடுக்காதீர்கள்

15 வயதுக்குட்பட்ட யாருக்குத் திடீரென்று கை கால் துவண்டாலும் போலியோ கண்காணிப்பின் கீழ் தகவல் போக வேண்டும் என்பது நாடு முழுவதும் உள்ள நடைமுறை. பலம் குறைந்து 14 நாளுக்குள், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரிகள் எடுப்பார்கள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவு, சுமார் 8 கிராம். தமிழ்நாட்டில் இவற்றைப் பரிசோதிக்கும் கூடம் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் இருக்கிறது. "என் பிள்ளைக்குப் போலியோவா?" என்று பதற வேண்டாம். போலியோ இல்லை என்று எழுதி வைப்பதற்கே இந்த ஏற்பாடு.

4. எந்த நாளில் டெஸ்ட் எடுப்பது

வீண் செலவும் வீண் பயமும் அதிகம் பிறப்பது இந்தப் படியில்தான்.

முதல் நான்கைந்து நாளில் எடுத்தால் டெஸ்ட் இயல்பாகவே வரக்கூடும். 'நார்மல்' என்று தாளில் பார்த்துவிட்டு, நரம்பில் கோளாறு இல்லை, பயத்தில் நடக்க மறுக்கிறான் என்று வீட்டுக்கு அழைத்துப் போவது ஆபத்து. மாற்றங்கள் தெளிவாகத் தெரிவது இரண்டாவது, மூன்றாவது வாரத்தில். ஆக்சான் அறுபட்டாலும், அறுபட்ட இடத்துக்குக் கீழேயுள்ள துண்டு சில நாள் வேலை செய்துகொண்டேயிருக்கும். இயக்க நரம்பில் ஐந்தாறு நாள், உணர்வு நரம்பில் பத்து நாள் வரைகூட. மூன்றாம் நாள் டெஸ்ட்டில் ஆக்சான் சேதத்தைத் தேடிப் பயனில்லை.

அப்படியானால் முதல் வாரத்தில் எடுக்கவே வேண்டாமா? எடுக்கலாம், எஃப் அலையும் எச் அனிச்சையும் சேர்த்து. இரண்டும் நரம்பு வேர் வரை போய்த் திரும்பும் சிக்னல்கள். நோய் பல நேரம் வேரில் தொடங்குவதால் முதலில் மறைவதும் இவைதான். முதல் டெஸ்ட் தெளிவில்லாமல் வந்தால் பத்துப் பதினைந்து நாள் கழித்து இன்னொன்று எடுப்பார்கள். வகையை உறுதியாகப் பிரிப்பதற்கு இந்த இரண்டாவது டெஸ்ட்தான் பெரும்பாலும் கைகொடுக்கும்.

டெஸ்ட்டுக்குத் தேதி கிடைக்கவில்லை என்று சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. முட்டி அனிச்சை போய், இரண்டு காலும் தளர்ந்து, நாளுக்கு நாள் மேலேறுகிறது என்றால் சிகிச்சை தொடங்க அதுவே போதும்.

முதுகுத் தண்டு நீர் எடுப்பதென்றால் ஐ.வி.ஐ.ஜி. (ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் எதிர்ப்பொருள்) மருந்து ஏற்றுவதற்கு முன் எடுப்பது நல்லது. மருந்து ஏறிய பிறகு அந்த நீரில் அணுக்கள் கூடி வேறு நோய் மாதிரிக் காட்டும். அந்த நீரிலும் முதல் வாரத்தில் புரதம் ஏறாமல் இருக்கலாம், அதை வைத்து ஜி.பி.எஸ். இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

5. டெஸ்ட்டுக்கு முன் செய்ய வேண்டியவை

அன்று காலை கை காலில் எண்ணெய், பவுடர், லோஷன் எதுவும் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கில் எலெக்ட்ரோடு ஒட்டாது, சிக்னலில் இரைச்சல் கலக்கும். கொலுசு, வளையல், மணிக்கட்டுக் கயிறு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். டெஸ்ட்டுக்குப் பட்டினி தேவையில்லை, வயிறு நிறைந்த குழந்தை குறைவாக அழும். மயக்க மருந்து கொடுக்கப் போகிறார்கள் என்றால் மட்டும் கணக்கு வேறு.

மயக்க மருந்து இல்லாமல் முடிப்பதே நல்லது. ஏற்கெனவே மூச்சுத் தசை தளர்ந்த குழந்தைக்கு மயக்கம் கொடுப்பது ஆபத்து, போதாததற்கு எஃப் அலையையும் அது அமுக்கிவிடும். டிரிப்ஸ் ஊசி போட்ட கை எது என்று டெக்னீஷியனிடம் முன்பே சொல்லுங்கள். முடிந்தால் மறு கையில் எடுப்பார்.

கை காலைச் சூடாக வைத்திருப்பது இவை எல்லாவற்றையும்விட முக்கியம். ஏ.சி. வராந்தாவில் அரைமணி நேரம் காத்திருந்த குழந்தையின் பாதம் சில்லிட்டிருக்கும். தோல் வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் நரம்பின் வேகம் வினாடிக்குச் சுமார் 2 மீட்டர் குறையும். குளிர்ந்த கால் மட்டுமே ஆரோக்கியமான நரம்பை நோயுள்ளதாகக் காட்டப் போதும். கையில் 32 டிகிரி, காலில் 30 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சாக்ஸ், போர்வை, ஈரச்சூட்டுத் துணி எது வேண்டுமானாலும் சரி. உணர்ச்சி குறைந்த தோலில் கொதிநீர்ப் பையை வைத்தால் கொப்புளம் வரும், சூட்டை உங்கள் முழங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

6. டெஸ்ட் அறையில்

ரப்பர் பேண்டை இழுத்து விட்டது போலச் சுள்ளென்று இருக்கும், விரலோ பாதமோ தானாகத் துள்ளும். இதை மறைத்து "வலிக்கவே வலிக்காதுடா" என்று கூட்டிவந்தால் முதல் துடிப்பிலேயே நம்பிக்கை போய்விடும், மீதி நரம்புகளைத் தொடவே விடமாட்டான். "லேசா சுள்ளுங்கும் கண்ணு, விரல் டான்ஸ் ஆடும் பாரு" என்று சொல்லி ஒருமுறை அம்மாவின் கையில் வைத்துக் காட்டினால் பாதிக் குழந்தைகள் அடங்கிவிடும். மடியில் உட்கார்ந்தபடியே எடுக்கலாம், செல்போனில் வீடியோவும் ஓடட்டும்.

டெக்னீஷியன்களுக்கு: குழந்தை பாதியில் எழுந்துவிடலாம் என்று எண்ணியே வரிசையைப் போடுங்கள். கெண்டைக்கால் பின்புறமுள்ள சூரல் உணர்வு நரம்பு, ஒரு கால் இயக்க நரம்பு, ஒரு கை இயக்க நரம்பு எஃப் அலையோடு, பிறகு கையின் உணர்வு நரம்பு. இந்த நான்கும் கிடைத்தாலே பாதிக் கேள்விக்கு விடை வந்துவிடும். எல்லாம் ஒத்துழைத்தால் மூன்று இயக்க நரம்பு, மூன்று உணர்வு நரம்பு.

தூரத்தை இரண்டு முறை அளக்கவும். சின்னக் கையில் மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் இடையே 10 செ.மீ.தான் கிடைக்கும். நேர வித்தியாசம் 2 மில்லி வினாடி என்றால் வேகம் 50 மீட்டர். டேப் ஒரு செ.மீ. நழுவி 9 என்று பதிவானால் அது 45 ஆகிவிடும்.

மின்துடிப்பின் அளவில் இரண்டு பக்கமும் தவறு நடக்கும். அழுகிறதே என்று இரங்கி மின்னோட்டத்தைக் குறைத்தால் எல்லா இழைகளும் தூண்டப்படாமல் அலை சிறுத்து, ஆக்சான் சேதம் போலக் காட்டும். கூட்டிவிட்டால் பக்கத்து நரம்பும் தூண்டப்பட்டு அலை பொய்யாகப் பெருக்கும். கொழுகொழுவென்ற குழந்தைக்கு முழங்கால் பின்னால் நரம்பு ஆழத்தில் இருக்கும். அங்கே போதிய மின்னோட்டம் எட்டாமல் 'கடத்தல் தடை' (நரம்பு நடுவழியில் சிக்னலை விடாதது) என்று எழுதப்பட்ட ரிப்போர்ட்டுகள் நிறைய.

தசையில் ஊசி குத்திப் பார்க்கும் இ.எம்.ஜி. முதல் வாரத்தில் அநேகமாகத் தேவையில்லை. தசை நரம்பிழந்ததைக் காட்டும் தன்னிச்சைத் துடிப்புகள் தோன்ற இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குமுன் குத்தினால் குழந்தைக்கு வலிதான் மிச்சம்.

7. ரிப்போர்ட்டைப் படிப்பது

முதலில் எண்களைப் பார்க்காதீர்கள். வயது, டெஸ்ட் தேதி, தோல் வெப்பம் மூன்றும் எழுதியிருக்கிறதா பாருங்கள். வெப்பம் எழுதாத ரிப்போர்ட்டில் வேகக் குறைவை அரை மனதோடுதான் ஏற்க வேண்டும்.

அடுத்து, ஒப்பிட்டிருப்பது யாருடைய அளவோடு? பிறந்த குழந்தையின் நரம்பு வேகம் பெரியவர்களில் பாதிதான். மூன்று முதல் ஐந்து வயதுக்குள்தான் பெரியவர்கள் அளவை எட்டும். பெரியவர் கையில் 50 மீட்டருக்குக் கீழே குறைவு. ஒரு வயதுக் குழந்தைக்கு 40 என்பது இயல்பாக இருக்கலாம். மெஷினில் பெரியவர்கள் அட்டவணை மட்டும் ஏற்றியிருந்தால் எல்லா வரியிலும் சிவப்புக் குறி விழும். எஃப் அலைக்கு உயரமும் கணக்கில் வர வேண்டும்.

பிறகு நான்கு எண்கள். அலையின் உயரம், அதாவது ஆம்ப்ளிடியூட், எத்தனை இழைகள் வேலை செய்கின்றன என்பதைக் காட்டும். துடிப்பு கொடுத்ததிலிருந்து அலை தோன்றும் வரை ஆகும் நேரமான லேட்டன்சியும், வேகமும் மேலுறையின் நிலையைக் காட்டும். எஃப் அலை வேரின் நிலை. வேகம் குறைந்து, லேட்டன்சி நீண்டு, அலை சிதறி, நரம்பின் மேற்பகுதியில் தூண்டும்போது அலையின் உயரம் பாதி அளவுக்கும் கீழே விழுந்தால் மையலின் வகை, ஏ.ஐ.டி.பி. வேகம் அப்படியே இருந்து உயரம் மட்டும் சரிந்து, உணர்வு நரம்புகள் நன்றாக இருந்தால் ஆக்சான் வகை, அமான். உணர்வு நரம்பும் சேர்ந்து விழுந்தால் அம்சான்.

கையின் உணர்வு நரம்பு கெட்டு, காலின் சூரல் நரம்பு மட்டும் தப்பியிருப்பது ஜி.பி.எஸ்.ஸுக்கு உரிய அடையாளம். நீண்ட நாளாக இருக்கும் நரம்பு நோய்களில் கால்தான் முதலில் கெடும். எல்லா நரம்பிலும் ஒரே அளவாக வேகம் குறைந்து, பாத வளைவு உயர்ந்து, வீட்டில் இன்னொருவருக்கும் அப்படி இருந்தால் பரம்பரை நரம்பு நோயை நினைத்து மரபணு டெஸ்ட் பக்கம் போக வேண்டும்.

'ஆக்சான்' என்ற சொல்லைப் பார்த்ததும் நடையே வராது என்று உடைந்துபோகிறார்கள். அமானில் இரண்டு விதம் உண்டு. சில குழந்தைகளுக்கு இழை அறுபடுவதில்லை, அதன் மேல் கடத்தல் தற்காலிகமாக நின்றிருக்கும். அவர்கள் சில வாரங்களில் எழுந்துவிடுவார்கள், மையலின் வகைக் குழந்தைகளைவிடவும் வேகமாக. மற்றவர்களுக்கு இழை மறுபடி வளர வேண்டும். முதல் ரிப்போர்ட்டில் இந்த இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். மூன்று நான்கு வாரம் கழித்து எடுக்கும் டெஸ்ட்டில் உயரம் ஏறியிருந்தால் முதல் வகை. 'எந்த நரம்பிலும் சிக்னல் இல்லை' என்ற வரியும் அப்படியே. நுனியில் தடை இருந்தாலும் சிக்னல் வராது. அந்த ஒரு தாளை வைத்து எதிர்காலத்தைச் சொல்ல யாராலும் முடியாது.

8. சிகிச்சைக் கணக்கு

ஐ.வி.ஐ.ஜி. மொத்தம் கிலோவுக்கு 2 கிராம். வழக்கமாக ஐந்து நாளில் பிரித்து, நாளுக்கு 0.4 கிராம். 15 கிலோ குழந்தைக்கு நாளுக்கு 6 கிராம், மொத்தம் 30 கிராம், அதாவது 5 கிராம் பாட்டில் ஆறு. விலை அதிகம் என்பதால் முதல் நாளே முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு காப்பீட்டு கவுண்டரில் கேட்டுவிடுங்கள். ரத்தத்தில் எதிர்ப்பொருள் டெஸ்ட் எதுவும் வேண்டுமென்றால் மருந்துக்கு முன் ரத்தம் எடுக்க வேண்டும். ஏற்றுகிற மருந்தே எதிர்ப்பொருள்தானே.

மருந்து ஏறும்போது தலைவலி, காய்ச்சல் வந்தால் சொட்டு வேகத்தைக் குறைப்பார்கள். ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் ஜி.பி.எஸ்.ஸில் பலனில்லை. மருந்து ஏறி மூன்றாம் நாளும் எழவில்லையே என்று ரத்தத்தைச் சுத்தப்படுத்தும் பிளாஸ்மா மாற்றுக்கு அவசரப்பட்டால், ஏற்றிய மருந்தையே கழுவி வெளியே கொட்டுவதாக ஆகும்.

9. மீட்சியை எப்படி அளப்பது

வழக்கமான ஓட்டம் இது: பலம் இறங்குவது இரண்டு வாரம், அதிகபட்சம் நான்கு. பிறகு சில நாளோ சில வாரமோ ஏறாமல் இறங்காமல் நிற்கும். பெற்றோர் சோர்ந்துபோவது இந்தக் கட்டத்தில்தான். அதன்பின் மெல்ல ஏறும், பெரும்பாலும் வந்த வழியே திரும்பும்: கடைசியில் போனது முதலில் வரும், கணுக்கால் கடைசி. குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் அளவில் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் தானாக நடக்கிறார்கள். மீதிப் பேருக்குப் பாதம் தொங்குவது, கை நடுக்கம், சீக்கிரம் களைப்பது மாதிரி ஏதாவது தங்கும்.

தாமதத்தைக் காட்டுபவை: வென்டிலேட்டர் தேவைப்பட்டது, நான்கு கை காலும் அசையாமல் போனது, இரண்டாவது டெஸ்ட்டிலும் அலை உயரம் ஏறாமல் கிடப்பது. அப்போதும் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமை காக்கலாம். அறுபட்ட இழை நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும். முழங்காலிலிருந்து பாதம் வரை 25 செ.மீ. என்றால் எட்டு மாதத்துக்கு மேல். நான்காம் மாதத்தில் பாதம் தூக்க வராதது தோல்வி இல்லை.

வீட்டில் அளக்க ஹியூஸ் அளவுகோல் போதும். 0 இயல்பு. 1 ஓட முடியும், சிறு குறை உண்டு. 2 துணையில்லாமல் 10 மீட்டர் நடக்கும், ஓட முடியாது. 3 துணையோடு 10 மீட்டர். 4 படுக்கை அல்லது நாற்காலி. 5 வென்டிலேட்டர். 6 மரணம். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், ஒரே இடத்தில், தரையிலிருந்து எழுவதையும் நடப்பதையும் வீடியோ எடுங்கள். தினமும் பார்ப்பவர் கண்ணுக்கு ஏற்றம் தெரியாது, ஒரு மாத வீடியோக்களை வரிசையாகப் பார்த்தால் தெரியும்.

ஓடத் தொடங்கிய பிள்ளைக்கு, முன்னேற்றத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காக மாதாமாதம் நரம்பு டெஸ்ட் எடுப்பது பணத்துக்குக் கேடு. புதிதாக வளர்ந்த மேலுறை மெல்லியது, வேகம் மாதக்கணக்கில் குறைவாகவே இருக்கும். முட்டி அனிச்சையும் நெடுநாள் திரும்பாமல் இருக்கலாம். அடுத்த டெஸ்ட் எதைத் தீர்மானிப்பதற்கு என்று கேளுங்கள், பதில் இருந்தால் மட்டும் எடுங்கள்.

10. ஏறிய பலம் மறுபடி இறங்கினால்

மருந்துக்குப் பின் தேறி, எட்டு வாரத்துக்குள் ஒருமுறை இறங்குவது சில குழந்தைகளுக்கு உண்டு. மருந்தின் வேகம் தீர்ந்தும் நோய் தீராமல் இருப்பதால் வருவது இது, பெரும்பாலும் மறுபடி ஒரு சுற்று மருந்தில் சரியாகும். எட்டு வாரம் தாண்டியும் இறங்கிக்கொண்டே இருந்தால், அல்லது மூன்று முறை இறங்கினால், நாட்பட்ட வகையான சி.ஐ.டி.பி.யாக இருக்கலாம். நரம்பு டெஸ்ட்டை மறுபடி எடுக்க வேண்டிய இன்னொரு இடம் இது. சி.ஐ.டி.பி.யில் ஸ்டீராய்டும் பலன் தரும், ஐ.வி.ஐ.ஜி. மாதாமாதம் தேவைப்படலாம். குழந்தைகள் நன்றாகவே தேறுவார்கள், ஆனால் மருந்தைத் தாங்களாகவே நிறுத்தினால் நோய் திரும்பி வரலாம்.

11. வீட்டுக்கு வந்த பிறகு

பலம் வருமுன் கணுக்கால் இறுகிவிட்டால், நரம்பு தேறியும் நடை வராது. அதனால் படுக்கையில் இருக்கும்போதே பாதத்தை 90 டிகிரியில் நிறுத்தும் ஸ்பிளின்ட், தினமும் குதிகால் தசைநாணை மெல்ல நீட்டும் பயிற்சி. பிசியோதெரபியில் களைக்கும் முன் நிறுத்த வேண்டும். மறுநாள் காலை முந்தைய நாளைவிடத் தளர்ந்திருந்தால் நேற்றைய பயிற்சி அதிகம். மூலிகை எண்ணெய் தடவுவதில் தீங்கில்லை. அழுத்தி முறுக்கித் தேய்ப்பதும் சூட்டு ஒத்தடமும் வேண்டாம்.

தடுப்பூசி அட்டையை டாக்டரிடம் காட்டுங்கள். கிலோவுக்கு 2 கிராம் ஐ.வி.ஐ.ஜி. ஏறிய குழந்தைக்குத் தட்டம்மை–ரூபெல்லா, சின்னம்மை ஊசிகளைச் சுமார் 11 மாதம் தள்ளுவார்கள், ஏற்றிய எதிர்ப்பொருள்கள் ஊசியின் வேலையைக் கெடுக்கும் என்பதால். போலியோ சொட்டுக்கு இந்த இடைவெளிக் கணக்கு கிடையாது.

பள்ளிக்குப் போகத் தொடங்கும்போது தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டியவை: தரைத்தள வகுப்பு, கழிப்பறைக்குப் பக்கத்து இடம், பி.டி. வகுப்பில் விலக்கு, மதியம் வரை மட்டும் இரண்டு வாரம். டிஸ்சார்ஜ் சம்மரியோடு இரண்டு நரம்பு டெஸ்ட்டுகளின் அலைப் படங்களையும் கேட்டு வாங்கி ஒரே ஃபைலில் வையுங்கள். அடுத்த டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்க 'மையலின் சேதம்' என்ற ஒற்றை வரி போதாது, அந்த அலைகள் வேண்டும்.